பைனாகுலர் எத்தின மடங்கில வாங்கிறது? வேட்டைக்காரர் கணக்கும் எங்கட காட்டுக் கணக்கும் – முழு வழிகாட்டி

போன கிழமை தெகிவளையில இருக்கிற சித்தப்பான்ர மகன் கடைக்குள்ள நிண்டபடியே போன் எடுத்தான். "அண்ணா, 8ம் இருக்கு, 10ம் இருக்கு, 20ம் இருக்கு. 20தான் எல்லாத்திலயும் மலிவு, எடுக்கட்டா?" எண்டு கேட்டான். வில்பத்துவுக்குப் போக லீவு போட்டிட்டான், சிறுத்தை பாக்கோணும் எண்டு ஒரே கனவு. நான் சொன்னது ஒண்டுதான், "ஒண்டும் எடுக்காத, முதல்ல கடையை விட்டு வெளியில வா." அதுக்குப் பிறகு ஏன் எண்டு விளங்கப்படுத்த ஒரு மணித்தியாலம் போச்சு, அந்த ஒரு மணித்தியாலக் கதையைத்தான் இங்க ஆறுதலா எழுதுறன், ஏனெண்டா இதே கேள்வியை இந்த வருசத்தில மட்டும் கனபேர் கேட்டிட்டினம்.

முதல்ல ஒண்டு சொல்லவேணும். மடங்கு பற்றி நெட்ல தேடினா வாறதில முக்கால்வாசி வேட்டைக்காரருக்கு எழுதினது. அமெரிக்காவில மான் வேட்டைக்குப் போறவையும் ஜேர்மனி, ஒஸ்ட்ரியா பக்கம் பரண் கட்டி ராவில காட்டுப்பன்றிக்குக் காத்திருக்கிறவையும் பைனாகுலரைப் பற்றி ஆழமா யோசிச்ச ஆக்கள், அவையின்ர அனுபவத்தை நான் மதிக்கிறன். ஆனா அது அவையின்ர நிலத்துக்கும் அவையின்ர வெளிச்சத்துக்கும் போட்ட கணக்கு. எங்களுக்கு 1937ல வந்த வனசீவராசிகள் தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இருக்கு, நாங்க காட்டுக்குப் போறது பாக்கிறதுக்கு மட்டும்தான், அதுவும் ஜீப்பில இருந்து, இல்லாட்டி வாவிக் கரையில நிண்டு. அவையின்ர கணக்கில எது எங்களுக்குப் பொருந்தும், எது பொருந்தாது எண்டு பிரிச்சு எடுத்தாத்தான் சரியான சாமான் கைக்கு வரும்.

படி 1: பெட்டியில இருக்கிற ரெண்டு நம்பரை வாசிக்கப் பழகுங்க

8×42 எண்டு இருந்தா 8 எண்டது மடங்கு, 42 எண்டது முன்னுக்கு இருக்கிற பெரிய கண்ணாடியின்ர குறுக்களவு மில்லிமீற்றர்ல. இவ்வளவுதான். ஆனா "8 மடங்கு" எண்டதை எல்லாரும் பிழையா விளங்கிக்கொள்ளினம், படம் வந்து முகத்தில அடிக்கும் எண்டு நினைக்கினம். உண்மையில அது தூரத்தை 8ஆல பிரிக்கிற வேலை. 80 மீற்றர் தூரத்தில ஒரு புள்ளிமான் நிக்குது எண்டு வையுங்க, 8 மடங்கில பாத்தா அது 10 மீற்றர்ல நிக்கிற அளவில தெரியும். 10 மடங்கில பாத்தா 8 மீற்றர்ல நிக்கிற அளவில தெரியும்.

அந்த ரெண்டையும் திருப்பி ஒருக்கா யோசிச்சுப் பாருங்க. 10 மீற்றருக்கும் 8 மீற்றருக்கும் நடுவில ரெண்டே ரெண்டு மீற்றர்தான். 8க்குப் பதிலா 10 வாங்கினா கிடைக்கிறது அந்த ரெண்டு மீற்றர், அதுக்காக நீங்க வேற கன விசயத்தை விட்டுக் குடுக்கிறீங்க. இந்தக் கட்டுரையில மிச்சம் எல்லாம் அந்த விட்டுக் குடுக்கிற சாமான்களைப் பற்றித்தான்.

படி 2: எங்க போய்ப் பாக்கப் போறீங்க எண்டு முதல்ல முடிவெடுங்க

கடைக்குப் போக முதல் ஒரு பேப்பர்ல எழுதுங்க, அடுத்த ஒரு வருசத்தில உண்மையா எங்கெங்க போவீங்க எண்டு. ஆசைக்கு எழுதாதீங்க, லீவு கிடைக்கிற அளவுக்கு எழுதுங்க.

கொழும்பில இருக்கிற எங்களுக்கு ஒரு பெரிய குடுப்பினை இருக்கு, கனபேருக்கு அது தெரியாது. 2018ல கொழும்புக்கு ராம்சார் (ஈரநிலங்களைக் காக்கிறதுக்கான சர்வதேச உடன்படிக்கை) ஈரநில நகரம் எண்ட அங்கீகாரம் கிடைச்சது, உலகத்தில முதல் தடவையா அந்தப் பட்டம் வாங்கின நகரங்களில எங்கட ஊரும் ஒண்டு. தலங்கம வாவி, தலவத்துகொட தியசரு பார்க், பெத்தகான, பெல்லன்வில அத்திட்டிய, கொஞ்சம் வடக்கால போனா முத்துராஜவெல. வெள்ளவத்தையில இருந்து விடிய 5.30க்கு வெளிக்கிட்டா வெயில் ஏற முதல் இதில எதுக்கும் போய்ச் சேரலாம். இந்த இடங்களில பறவை நிக்கிற தூரம் 15 மீற்றர், 30 மீற்றர், மிஞ்சினா 60. தலங்கமவில தாமரை இலைக்கு மேல நடக்கிற இலைக்கோழி, நாணலுக்குள்ள நிக்கிற நீலத் தாழைக்கோழி, கரண்ட் வயர்ல குந்தி இருக்கிற மீன்கொத்தி, எல்லாம் கிட்டத்தான். இங்க 8 தாராளமா காணும். தியசருவில தும்பியும் வண்ணத்திப்பூச்சியும் பாக்கிற ஆக்களெண்டா மடங்கை விட, எவ்வளவு கிட்ட போகஸ் ஆகும் எண்டதுதான் முக்கியம், 2 மீற்றர்ல போகஸ் ஆகிற சாமானாப் பாத்து எடுங்க, சிலது 4, 5 மீற்றருக்குக் கிட்ட வந்தாலே மங்கிப் போகும்.

சிங்கராஜவுக்குப் போறவையெண்டா 8க்கு மேல யோசிக்கவே வேண்டாம். உச்சி வெயில்லயும் மரத்துக்குக் கீழ இருட்டுத்தான், பறவைகள் கூட்டமா வந்து கொப்புக்குக் கொப்பு தாவி அஞ்சு நிமிசத்தில போயிடும். சிங்களத்தில கெஹிபெல்லா எண்டு சொல்ற அந்த நீலப் பறவை, இந்த நாட்டை விட்டா வேற எங்கயும் இல்லாதது, அது இலைக்குள்ளால போகேக்க அதைப் பிடிக்கிறதுக்கு அகலமான பார்வை வேணும். அமெரிக்காவில கிழக்குப் பக்கக் காட்டுக்குள்ள மான் வேட்டைக்குப் போற ஆக்களும் இதே காரணத்துக்காகத்தான் 7 அல்லது 8 வைச்சிருக்கினம், இந்த ஒரு விசயத்தில அவையின்ர கணக்கும் எங்கட கணக்கும் ஒண்டு.

யால, வில்பத்து எண்டா அரைக்கரைவாசி. ஜீப் போற பாதைக்குப் பக்கத்தில நிக்கிறதுக்கு 8 காணும், ஆனா வில்பத்துவில வில்லு எண்டு சொல்ற அந்த இயற்கைக் குளங்களுக்கு அங்கால் கரையில ஒண்டு படுத்திருந்தா 10 உதவும். பூந்தல, மன்னார் எண்டா கதையே வேற. பூந்தல 1990ல இலங்கையின்ர முதலாவது ராம்சார் இடமா வந்தது, அங்க உப்பளத்துக்கு நடுவில நிக்கிற சின்னச் சின்ன உள்ளான்களை இது என்ன இனம், அது என்ன இனம் எண்டு பிரிக்கோணும் எண்டா 10 வேணும். மன்னாரில பூநாரைக் கூட்டம் தூரத் தண்ணிக்குள்ள நிக்கேக்க 10ம் பத்தாம ஸ்டாண்டில வைச்சு ஒரு கண்ணால பாக்கிற தொலைநோக்கி, ஸ்பொட்டிங் ஸ்கோப், தேடுவீங்க. அமெரிக்காவின்ர மேற்குப் பக்க மொட்டை மலையில வேட்டைக்காரர் 10×42, 12×50, ஏன் 15×56ஐக்கூட ட்ரைபொட்ல வைச்சுப் பாக்கிறது இதே மாதிரியான வெட்ட வெளிக்குத்தான். ஆனா ஒரு விசயம், பூந்தலயில காலமை 10 மணிக்குப் பிறகு தரையில இருந்து சூடு கிளம்பி எல்லாம் அலை அலையா ஆடும், அந்த நேரத்தில 10ம் 12ம் வைச்சிருந்தாலும் பெருசாத் தெரியிறது அந்த ஆட்டம்தான்.

மிரிஸ்ஸவுக்குத் திமிங்கிலம் பாக்க, கற்பிட்டிக்கு டொல்பின் பாக்கப் போற ஆக்கள் 7 அல்லது 8. ஓடுற வள்ளத்தில 10ஐப் பிடிச்சுக்கொண்டு நிக்க ஏலாது. கப்பல்காரர் காலங்காலமா 7×50 பாவிக்கிறது சும்மா இல்ல.

படி 3: உங்கட கையைச் சோதிச்சுப் பாருங்க

என்ர முதல் பைனாகுலர் 20×50. பல வருசத்துக்கு முதல் புறக்கோட்டைப் பக்கம் நடைபாதையில வாங்கினது, வித்தவர் "அண்ணே இதில பாத்தா கப்பல்ல நிக்கிறவன்ர சேட்டுப் பொத்தானும் தெரியும்" எண்டார், நம்பி வாங்கினன். முதல் தரம் தலங்கமவுக்குக் கொண்டு போனன். எதிர்க்கரைப் பட்ட மரத்தில ஒரு பருந்து இருக்கு, வெறுங்கண்ணுக்கே தெரியுது. பைனாகுலரைத் தூக்கினா வானம், இலை, தண்ணி, திருப்பி வானம். பருந்தைக் காணேல்ல. ஒரு மாதிரிக் கண்டுபிடிச்சா அது நடுங்குது, மரமும் நடுங்குது, ரெண்டு நிமிசத்தில நெத்திக்குள்ள வலி. பக்கத்தில நிண்ட ஒரு வயசான ஐயா, முன்பின் தெரியாதவர், தன்ர பழைய 8ஐக் கழட்டித் தந்து "இதில பாருங்கோ தம்பி" எண்டார். பருந்தின்ர மஞ்சள் கண்ணும் அலகில ஒட்டியிருந்த மீன் செதிலும் தெரிஞ்சது. அண்டைக்கு எனக்கு விளங்கினது, சின்னதாத் தெரிஞ்சாலும் அசையாம நிக்கிற படத்திலதான் கண்ணுக்கு விபரம் பிடிபடும்.

காரணம் லேசு. கை எல்லாருக்கும் நடுங்கும், மூச்சு விடேக்க நெஞ்சு ஏறி இறங்கும். 8 மடங்கு எண்டா அந்த நடுக்கமும் 8 மடங்கு, 20 எண்டா நடுக்கமும் 20 மடங்கு. சாதாரண ஆளுக்குக் கையில பிடிச்சுப் பாக்க 10தான் எல்லை, 12க்கு மேல போனா ஸ்டாண்ட் வேணும், இல்லாட்டி பற்றரி போட்டு நடுக்கத்தைக் குறைக்கிற சாதி வேணும், கனன் செய்யிற ஐ.எஸ். மாதிரி. அது நல்ல சாமான், ஆனா விலையும் அதுக்கேத்த மாதிரி.

கடையில ஒரு சோதனை செய்யலாம். கையால சும்மா பிடிச்சுக்கொண்டு றோட்டுக்கு அங்கால இருக்கிற ஒரு போர்ட்டில சின்ன எழுத்தை வாசியுங்க, போன் நம்பர் எழுதியிருந்தா இன்னும் நல்லம். முதல்ல 8ல, பிறகு 10ல. ஒவ்வொண்டையும் ஒரு நிமிசம் கண்ணில இருந்து எடுக்காம வைச்சிருங்க. அந்த நிமிசத்தின்ர கடைசியில எதில வாசிக்க லேசா இருக்கு எண்டு பாருங்க, முதல் ரெண்டு செக்கனை நம்பாதீங்க, முதல் ரெண்டு செக்கனில 10தான் எப்பவும் வெல்லும்.

10 எடுக்கத்தான் போறீங்க எண்டா பிடிக்கிற முறையைப் பழகுங்க. முழங்கை ரெண்டும் விலாவில ஒட்டி இருக்கவேணும், மரத்தில, தூணில சாயலாம். ஜீப்புக்கு நான் ஒரு சின்னத் துணிப் பை தைச்சு வைச்சிருக்கிறன், உள்ளுக்குப் பாசிப்பயறு, அதை ஜீப் கம்பிக்கு மேல போட்டு அதுக்கு மேல பைனாகுலரை வைச்சா அசையாது. ட்ரைவரிட்ட என்ஜினை நிப்பாட்டச் சொல்லிக் கேளுங்க. என்ஜின் ஓடேக்க எந்த மடங்கும் பிரயோசனம் இல்ல.

படி 4: வெளிச்சக் கணக்கு, இதிலதான் எங்கட நாடு வேற

பின் எண்ணை முன் எண்ணால பிரியுங்க. 8×42 எண்டா 42ஐ 8ஆல பிரிச்சா 5.25. 10×42 எண்டா 4.2. 20×50 எண்டா 2.5. இது பைனாகுலரால வெளியில வாற வெளிச்ச வட்டத்தின்ர அளவு மில்லிமீற்றர்ல. கண்ணாலயே பாக்கலாம், பைனாகுலரைக் கையை நீட்டிப் பிடிச்சு வெளிச்சமான சுவரை நோக்கித் திருப்பினா கண் வைக்கிற கண்ணாடியில ஒரு சின்ன வெள்ளை வட்டம் தெரியும், அதுதான்.

உங்கட கண்மணி நல்ல வெயில்ல 2, 3 மில்லிமீற்றர்தான் திறந்திருக்கும், இருட்டில இளம் ஆக்களுக்கு 7 வரைக்கும் திறக்கும், வயசு அம்பது தாண்டினா 5 அளவிலதான் நிக்கும். வட்டம் கண்மணியை விடச் சின்னனா இருந்தா படம் இருட்டாத் தெரியும். பகல்ல தலங்கமவில 4.2ம் 5.25ம் ஒரே மாதிரித்தான், வித்தியாசம் தெரியாது. சிங்கராஜ மரத்துக்குக் கீழ, இல்லாட்டி விடிய 6 மணிக்கு மூடுபனிக்குள்ள முத்துராஜவெலயில, அப்ப தெரியும்.

இப்ப வேட்டைக்காரர் கணக்குக்கு வாறன். ஜேர்மன்காரர் 8×56ஐத் தோளில போட்டுக்கொண்டு பரணில ஏறுறது ஏன் எண்டா, அந்த நாட்டில கோடையில சூரியன் விழுந்த பிறகும் முக்கால் மணித்தியாலத்துக்குக் கிட்ட மங்கல் வெளிச்சம் கிடக்கும், அவையின்ர மிருகம் வெளியில வாறதும் அந்த நேரத்தில, அதுக்குப் பிறகு நிலவு வெளிச்சத்திலயும் இருப்பினம். 56ஐ 8ஆல பிரிச்சா 7. அவைக்கு அந்த 7 வேணும். எங்களுக்கு? கொழும்பில சூரியன் கடலுக்குள்ள போனா இருபது, இருபத்தஞ்சு நிமிசத்தில கும்மிருட்டு. அதோட எங்கட தேசியப் பூங்காக்களில பின்னேரம் 6 மணிக்கு ஜீப் கேற்றுக்கு வெளியில நிக்கவேணும். ஆக அந்த அந்திக் கணக்கு எங்களுக்கு ஒரு சில நிமிசத்துக்குத்தான். அதுக்காக ஒரு கிலோவுக்கு மேல பாரமான 56ஐச் சுமக்க வேண்டிய தேவை இல்ல. சில பெட்டியில "ட்வைலைட் பெக்டர்" எண்டு ஒரு நம்பர் போட்டிருப்பினம், அது மடங்கையும் கண்ணாடி அளவையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தது, 8×42க்கு 18.3, 10×42க்கு 20.5. அதைக் காட்டி 10 திறம் எண்டு விப்பினம். அந்த நம்பருக்குக் கண்ணாடியின்ர தரம் தெரியாது, கண்ணாடிக்கு மேல பூசியிருக்கிற மெல்லிய பூச்சு, அதான் கோட்டிங், அதுவும் தெரியாது. அதைப் பாத்து மட்டும் வாங்காதீங்க.

ஒரு விதிவிலக்கு இருக்கு. எங்கட ஈரநிலங்களில மீன்பிடிப் பூனை இருக்கு, இந்த நகரத்துக்குள்ளயே. அது இரவுப் பிராணி. அதைப் பாக்கோணும் எண்டு அந்தியில வாவிக் கரையில காத்திருக்கிற ஆக்களுக்கு 7×50 அல்லது 8×42 தான், 10×25 மாதிரி பொக்கற் சாமான் அந்த நேரத்தில கறுப்பாத்தான் இருக்கும்.

படி 5: எவ்வளவு அகலம் தெரியுது

இதை ஆறுமணிக்குருவியை வைச்சுத்தான் சொல்லவேணும். ஒக்டோபர் மாதம் அளவில இந்தியாவில இருந்து வரும், ஏப்ரலில திரும்பிப் போகும், பின்னேரம் ஆறு மணிக்குக் கிட்டக் கூப்பிடுற பழக்கத்தாலதான் அந்தப் பேர். பச்சை முதுகு, நெஞ்சு மண்ணிறம், வயிறு சிவப்பு, கண்ணில மை தீட்டின மாதிரி ஒரு கறுப்புக் கோடு. கொழும்புத் தோட்டங்களிலயும் வந்து இறங்கும், சருகுக்குள்ள ஒரு தத்து, நிப்பு, திருப்பி ஒரு தத்து. நிக்கேக்க அது சருகோட சருகா மறைஞ்சு போகும். அது தத்துற அந்த நேரத்தில உங்கட பைனாகுலருக்குள்ள அது இருக்கவேணும், இல்லாட்டிப் போச்சு.

நல்ல 8×42 ஒண்டில 1000 மீற்றர்ல ஏறக்குறைய 130 மீற்றர் அகலம் தெரியும், 10×42ல 105 தொடக்கம் 115. இதைக் கண்ணால காண ஆசையெண்டா ஒரு போயா நாளைக்கு மொட்டை மாடிக்கு ஏறி நிலவைப் பாருங்க. முழு நிலவு அரைப் பாகைதான் அகலம். 8ல அந்த வட்டத்துக்குள்ள பதினஞ்சு நிலவை வரிசையா அடுக்கலாம், 10ல பன்ரெண்டு அளவில. அதோட மடங்கு கூடக் கூட போகஸ் ஆழமும் குறையும், முன்னுக்கு இருக்கிற கொப்பு தெளிவா இருக்கேக்க பின்னுக்கு இருக்கிற குருவி மங்கும், நடுவில இருக்கிற போகஸ் சில்லை உருட்டிக்கொண்டே இருக்கவேண்டி வரும். பெட்டியில அல்லது உடம்பில 7.5 பாகை, இல்லாட்டி 1000 மீற்றர்ல இத்தின மீற்றர் எண்டு எழுதியிருக்கும். 8ல 7 பாகைக்குக் குறைவா இருக்கிறதைத் தவிர்த்தா நல்லம்.

படி 6: கண்ணாடி போடுறவையும் பாரமும்

மூக்குக் கண்ணாடி போடுற ஆக்கள் "ஐ ரிலீஃப்" எண்டு எழுதியிருக்கிற நம்பரைக் கட்டாயம் பாருங்க, கண்ணை எவ்வளவு தள்ளி வைச்சாலும் முழுப் படமும் தெரியும் எண்ட தூரம் அது, 15 மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது, 17 எண்டா சுகம். குறைஞ்சா சாவித் துவாரத்தால பாக்கிற மாதிரி நடுவில மட்டும்தான் தெரியும். என்ர மனிசிக்கு இதாலதான் ரெண்டு பைனாகுலர் பிழைச்சது, ரெண்டும் மடங்கு சரி, கண்ணாடி அளவு சரி, ஐ ரிலீஃப் பாக்காம வாங்கினது. பொதுவா ஒரே கொம்பனியின்ர ஒரே வகையில 10ஐ விட 8ல இது கூட இருக்கும்.

பாரம்: 8×42 ஒண்டு 650 தொடக்கம் 750 கிராம், 8×32 எண்டா 500 கிட்ட. கழுத்துப் பட்டிக்குப் பதிலா ரெண்டு தோளிலயும் போடுற ஹார்னஸ் வாங்கினா 700 கிராமும் பாரம் தெரியாது.

படி 7: கடையில என்ன பாக்கிறது

முதல்ல விட வேண்டியதைச் சொல்லிடுறன். கண்ணாடி சிவப்பா மினுங்கிற சாமான், அந்தக் கோட்டிங் சிவப்பு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புது, உள்ளுக்க எல்லாம் பச்சை நீலமாத் தெரியும். மடங்கை மாத்திற சூம் சாமான், 8 தொடக்கம் 24 எண்டு. 24க்குப் போகேக்க 50ஐ 24ஆல பிரிச்சுப் பாருங்க, 2 சொச்சம், பகல்லயே மங்கல். கையடக்கமான ஒண்டில 90×80 எண்டு எழுதியிருந்தா ஒரு ஸ்கேலை எடுத்து முன் கண்ணாடியை அளந்து பாருங்க. 80 மில்லிமீற்றர் எண்டா 8 சென்ரிமீற்றர், தேத்தண்ணிக் கோப்பை வாயளவு. அது இருக்காது. அளந்து பாத்தாலே பொய் வெளிக்கும்.

நல்லதில என்ன பாக்கிறது எண்டா, பிரிசம், அதான் உள்ளுக்க வெளிச்சத்தைத் திருப்பிற கண்ணாடிக் கட்டி, பி.ஏ.கே. 4 எண்ட நல்ல வகைக் கண்ணாடியா எண்டு கேளுங்க, முன்னம் சொன்ன அந்த வெள்ளை வட்டம் முழு வட்டமா இருக்கவேணும், ஓரம் வெட்டுப்பட்டு நாலு மூலையா நரை நிறம் தெரிஞ்சா மலிவுப் பிரிசம். "ஃபுல்லி மல்டி கோட்டட்" எண்டு எழுதியிருக்கவேணும், வெறும் "கோட்டட்" இல்ல. பிறகு ஒரு நேரான கோட்டை, கட்டடத்தின்ர விளிம்பையோ லைட் போஸ்டையோ பாருங்க, ரெண்டு படமா பிரிஞ்சு தெரிஞ்சாலோ கண்ணை இழுக்கிற மாதிரி இருந்தாலோ ரெண்டு குழாயும் ஒரே நேரா இல்ல, அதைத் திருப்பி வைச்சிட்டு வாங்க. ஒரே மொடல்ல ரெண்டு மூண்டு இருந்தா எல்லாத்தையும் எடுத்துப் பாக்கக் கேளுங்க, கடைக்காரர் முகம் சுளிச்சாலும் பரவாயில்ல, காசு உங்கட.

பிராண்ட் கேக்கிறவைக்கு: நைக்கன், வோர்டெக்ஸ், செலெஸ்ட்ரோன் இதுகளில நடுத்தர விலைக்கு நல்ல 8×42 இருக்கு. ஸைஸ், ஸ்வரோவ்ஸ்கி, லைக்கா எண்டா மேல் தட்டு, வெளிநாட்டில சொந்தக்காரர் இருந்து வாங்கித் தந்தா சந்தோசம். என்னைக் கேட்டா, காசு கொஞ்சமா இருந்தா மடங்கைக் கூட்டாம அதே காசுக்கு நல்ல கண்ணாடி உள்ள 8ஐ எடுங்க. மலிவு 10ஐ விட நடுத்தர 8ல கூட விபரம் தெரியும், இதை நான் ரெண்டையும் பக்கத்தில வைச்சு எத்தினையோ தரம் பாத்திருக்கிறன். பணம் இன்னும் குறைவெண்டா பழைய மாதிரி வளைஞ்ச உடம்பு உள்ள போரோ வகையை எடுங்க, அதே விலைக்கு அதில படம் நல்லா இருக்கும், ஆனா அதில கனக்க மழைக்குத் தாங்காது.

படி 8: வீட்ட கொண்டு வந்து கண்ணுக்குப் பொருத்துங்க

இதைச் செய்யாம "எனக்கு மங்கலாத் தெரியுது" எண்டு திருப்பிக் குடுத்த ஆக்களைத் தெரியும். முதல்ல நடுவில மடிச்சு விரிச்சு ரெண்டு வட்டமும் ஒரு வட்டமா வாற மாதிரி வையுங்க. வலக் கண் பக்கத்துக் கண்ணாடியைக் கையால மூடி, இடக் கண்ணுக்கு நடுச் சில்லை உருட்டித் தெளிவாக்குங்க. இப்ப இடப் பக்கத்தை மூடி, நடுச் சில்லைத் தொடாம, வலப் பக்கத்தில இருக்கிற சின்ன வளையத்தை மட்டும் திருப்பி அதே சாமானைத் தெளிவாக்குங்க. அந்த வளையம் நிக்கிற இடத்தில ஒரு புள்ளி போட்டு வையுங்க. பிள்ளைகள் எடுத்துத் திருப்பினாலும் பிறகு கெதியாச் சரியாக்கலாம். மூக்குக் கண்ணாடி போடாதவை ரப்பர் கப்பை வெளியில இழுங்க, போடுறவை உள்ளுக்குத் தள்ளுங்க.

காலி முகத்திடலுக்குக் கொண்டு போற ஆக்களுக்கு ஒரு பயமான விசயம் சொல்லவேணும். சூரியன் விழுறதைப் பைனாகுலரால பாக்கக் கூடாது, செம்மஞ்சளா இருந்தாலும் கூடாது, கண் நிரந்தரமாப் போயிடும். பிள்ளைகளிட்டக் குடுக்கேக்க பக்கத்தில நில்லுங்க, கடற்கரையில கட்டாயம். அதோட துறைமுகம், முகாம் இருக்கிற பக்கம் பைனாகுலரைத் தூக்காம விடுறது நல்லம், வீணாக் கேள்வி வரும். பேர வாவிக் கூழைக்கடாவைப் பாக்கிறதுக்கு ஒருத்தரும் ஒண்டும் சொல்லமாட்டினம்.

படி 9: கொழும்புப் புழுக்கம்

வேட்டைக்காரர் எழுதினதில இது அனேகமா இருக்காது, அவையின்ர நாடு குளிர். எங்கட வீட்டுக்குள்ள மழைக்காலத்தில செருப்பே பூஞ்சணம் பிடிக்கிற ஊர். என்ர ரெண்டாவது பைனாகுலரை ஒரு மழைக்காலம் முழுக்க அலுமாரிக்குள்ள, அது வந்த தோல் பைக்குள்ளயே விட்டிட்டன். எடுத்துப் பாக்கேக்க உள் கண்ணாடியில சிலந்தி வலை மாதிரி வெள்ளை நூல். வெளியால துடைச்சுப் போகாது, திருத்தக் குடுத்தா கழட்டித் துடைக்கலாம், ஆனா பூஞ்சணம் கோட்டிங்கை அரிச்சிருந்தா அந்தத் தழும்பு நிண்டிடும். அதை நினைச்சா இப்பவும் கவலை.

அதுக்குப் பிறகு நான் செய்யிறது இது. காத்துப் புகாத பிளாஸ்டிக் பெட்டி, சாப்பாடு வைக்கிறது, உள்ளுக்குச் சிலிக்கா ஜெல், நிறம் மாறுற சாதி. நிறம் மாறினவுடன வெளியில எடுத்துச் சூடாக்கி ஈரத்தைப் போக்கி திருப்பி வைக்கிறது. பைக்குள்ள வைச்சு மூடாதீங்க. வாங்கேக்கயே நைதரசன் நிரப்பின, தண்ணி புகாத சாமானா எடுத்தா உள்ளுக்குப் பூஞ்சணம் வாற வாய்ப்பு நல்லாக் குறையும். கடலுக்குப் போய் வந்தா உப்பு காய முதல், தண்ணி புகாதது எண்டு உறுதியா இருந்தா மட்டும், நல்ல தண்ணியை மெல்லிசா ஓட விட்டுக் கழுவி, ஈரம் ஒத்தி எடுங்க. சேட் நுனியால ஒருக்காலும் துடைக்காதீங்க. முதல்ல ஊதிற பம்பால தூசைப் போக்கி, பிறகு மைக்ரோஃபைபர் துணி.

இப்ப தம்பியின்ர கதை. அவன் மூண்டு கடை ஏறி இறங்கி 8×42 ஒண்டு எடுத்திட்டான், வில்பத்துவுக்கு முதல் பழகோணும் எண்டு சொல்லியிருக்கிறன். பழகிற முறை லேசு: பறவையை வெறுங்கண்ணால பாருங்க, கண்ணை அதில இருந்து எடுக்காம, தலையைக் குனியாம, பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டு வாங்க. பைனாகுலரைக் கண்ணில வைச்சிட்டுப் பறவையைத் தேடினா கிடைக்காது. முதல்ல கூரையில இருக்கிற காகத்தில நூறு தரம், பிறகு கொக்கு, பிறகு மீன்கொத்தி. ஞாயிறு விடிய 6 மணிக்குத் தலங்கம வாவிக் கரையில சந்திக்கிறம் எண்டு சொல்லியிருக்கிறான். நான் பிளாஸ்கில தேத்தண்ணி கொண்டு போறன், அவன் மீன்கொத்தியைப் பிடிக்கட்டும்.